கரைவலையும் பங்கும்

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக ஒலுவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில், வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் எனப்படும் மேல்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மாதங்களில், அலை அடங்கிக் கரைவலைத் தொழில் களைகட்டுகிறது. கரைவலை என்பது கரையில் நின்றே இழுக்கப்படும் பெருவலையாகும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்போரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படும் தோணி, வலையை அரைவட்டமாக வளைத்து விட்டு, மறு தலைப்பைச் சற்றுத் தள்ளிக் கரைசேர்க்க, இரு அணியினரும் மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுத்தபடியே, மெல்ல மெல்ல ஒருவரையொருவர் நெருங்கி வருவர். வலையின் நடுவிலுள்ள பையாகிய மடி கரையேறும் வரை, பட்டிருப்பது கீரி மீனா, நெத்தலியா, வெறும் பாசியா என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது.

இத்தொழிலில் பொதுவாக நாட்கூலி இல்லை. மீனை விற்று, செலவைக் கழித்து, எஞ்சியதை வலைக்காரரும் இழுத்தவர்களும் வழக்கப்படி பங்கிட்டுக்கொள்வதால், நிறையப் பட்டால் எல்லார் வீட்டிலும் நிறைவு, பொய்த்தால் எல்லார் கையும் வெறுங்கை. பங்குக்கு அப்பால் வீட்டுக் கறிக்கென்று ஒரு கை மீன் அள்ளிக் கொடுப்பதும் உண்டு. மனநிறைவை ஒரு தனிமனிதர் தம் ஆசையை அடக்கிப் பெறும் குணமாகவே நூல்கள் பெரிதும் பேசுகின்றன. கரைவலையிலோ அது பங்கீட்டு முறையிலேயே அமைந்திருக்கிறது. பக்கத்தில் கயிறு பிடித்தவருக்கும் அதே அளவுதான் என்னும்போது, குறைந்த பங்கையும் முகம் சுளிக்காமல் வாங்க முடிகிறது.

இறைவன் அளந்த வாழ்வாதாரத்தை 'றிஸ்க்' என்றும், முயற்சியைச் செய்துவிட்டு விளைவை அவனிடம் ஒப்படைப்பதைத் 'தவக்குல்' என்றும் இவ்வூர்களின் முஸ்லிம்கள் வழங்குவர். காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு எடுத்துக்காட்டும் நபிமொழியில், அப்பறவை கூட்டை விட்டுப் பறக்கிறது என்பதைச் சோம்பேறிகள் வசதியாக மறந்துவிடுவது வேறு கதை. கடற்கரையில் அந்த மறதிக்கு இடமில்லை. சுபஹு எனும் வைகறைத் தொழுகை முடிந்த கையோடு தோணியைத் தள்ளினால்தான் றிஸ்க்கைப் பற்றிப் பேசவே முடியும்.

ஆயினும் இக்கடலை அன்னையாக மட்டும் வருணிப்பது நேர்மையாகாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். தோணியும் வலையும், கரையோரக் குடிலாகிய வாடியும் ஒரே காலையில் போயின. அதன் பின்னும் இம்மக்கள் அதே கடலில் வலை வளைத்தார்கள் என்பதைப் பொறுமை என்ற ஒரே சொல்லால் புகழ்வது எளிது. அடுப்பு எரிய வேண்டிய தேவையும் அதில் இருந்தது.

கரைவலைக்கு வலையைப் போலவே கரையும் வேண்டும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்பு அணைகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால், அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கப்பட்டு, தென்னைகள் வேரோடு சரிந்தன. மணல் சேர்ந்து துறைமுக வாயிலும் அடைபட்டது. தோணி ஏற்றவும் வலை இழுக்கவும் மணல் திடல் வேண்டுமென்று அங்குள்ள மீனவர் கோருவதைப் பேராசை என்று எவரும் சொல்ல மாட்டார்.