நெஞ்சோடு ஒரு வழக்கு

மனிதன் பிறரோடு பேசுவதைவிடத் தன்னோடு பேசுவதே மிகுதி. பிறரோடு பேசும்போது சொல்லை அளந்து பேசுகிறோம். கேட்பவர் முகம் வாடுமோ என்று பார்க்கிறோம். தன்னோடு பேசும் பேச்சுக்கு மட்டும் அளவும் இல்லை, கூச்சமும் இல்லை.

ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். விருந்தினர் உண்டு மகிழ்ந்து விடைபெற்றுப் போய்விட்டார்கள். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடியிருந்தது. உண்டவர்களில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் இல்லத்தரசியின் உள்ளத்தில் ஒரு குரல் ஓயாமல் ஒலிக்கிறது: ‘உனக்கு எதுதான் உருப்படியாக வந்தது? எதைத் தொட்டாலும் இப்படித்தான்!’ இதே சொற்களை அடுத்த வீட்டுக்காரி சொல்லியிருந்தால் அந்த வீட்டு வாசற்படியை அவள் மறுபடி மிதித்திருக்க மாட்டாள். உள்ளேயிருந்து வருவதால் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறாள். உண்மை என்றும் நம்பிவிடுகிறாள்.

ஏன் நம்புகிறோம்? அந்தக் குரலை மனச்சாட்சி என்று கருதுவதால்தான். தன்னைக் கடிந்துகொள்வது பணிவு, தன்னிடம் இரக்கம் காட்டுவது செருக்கு என்று இளமையிலிருந்தே பழகிவிட்டோம். இந்தக் குரலை அடக்கிவிட்டால் ஒழுக்கமே தளர்ந்துவிடுமோ என்ற அச்சம் நல்லவர்களுக்கே மிகுதி. அந்த அச்சத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. தம்மிடம் ஒரு குறையும் காணாத மனிதர்களால் உலகம் பட்ட பாடு கொஞ்சமா?

ஆயினும் மனச்சாட்சி வேறு, வசை வேறு. மனச்சாட்சி செயலைப் பற்றிப் பேசும். வசை ஆளைப் பற்றிப் பேசும். ‘நேற்று நீ அவரிடம் சொன்னது பொய்’ என்பது மனச்சாட்சி. ‘நீ எப்போதுமே இப்படித்தான்’ என்பது வசை. மனச்சாட்சி பேசி முடித்ததும் நமக்கு ஒரு வேலை கொடுக்கும்: போய் மன்னிப்புக் கேள், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடு, நாளைக்கு உப்பைக் குறைத்துப் போடு. அந்த வேலை முடிந்ததும் தானும் அடங்கிவிடும். வசை ஒரு வேலையும் கொடுப்பதில்லை. இருக்கிற வேலையையும் கெடுக்கிறது. அதற்கு அடங்கவும் தெரியாது.

எழுதுகிறவர்கள் இந்த வசையை நன்றாக அறிவார்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1938-இல் ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்ற நாவலை எழுதியபோது கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். அவர் மறைந்த பிறகு, 1989-இல் அது அச்சாயிற்று. தாம் எழுத்தாளரே அல்லர் என்றும், தம்மையும் பிறரையும் ஏமாற்றி வந்திருப்பதாகவும் அதில் ஓரிடத்தில் குறித்திருக்கிறார். அந்த நாவலுக்கு 1940-இல் புலிட்சர் பரிசும், அவருக்கு 1962-இல் நோபல் பரிசும் கிடைத்தன. பரிசு வந்ததால்தான் குரல் பொய்யாயிற்று என்பதில்லை. பரிசே பெறாத எத்தனையோ பேரிடமும் அது இதே பொய்யைத்தான் சொல்கிறது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. தம் ஐயத்தைக் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டு, அவர் அன்றைய பக்கங்களை எழுதப் போனார். ஏறக்குறைய ஐந்து மாதங்களில் நாவல் முடிந்தது. குரல் ஓய்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அது முடிந்திருக்குமா?

காகிதத்தில் இறக்கி வைக்கும் இந்த வழியைப் பிலடெல்பியா நகரத்து மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் ஒரு சிகிச்சை முறையின் பகுதியாகவே வளர்த்தார். மனச்சோர்வால் வாடியவர்கள் வாய்விட்டுச் சொல்லும் எண்ணங்களோடு, சொல்லாத வேறு எண்ணங்களும் மின்னல்போல் வந்து போவதை அவர் கண்டார். அவை அழையாமல் வருபவை, ஆராயாமல் நம்பப்படுபவை. அவற்றைப் பிடித்து எழுதி, சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரிக்க வேண்டும் என்பது அம்முறை. இதற்குச் சான்று என்ன? மாறான சான்று உண்டா? இதே தவற்றை நண்பர் செய்திருந்தால் அவரிடம் இப்படிப் பேசுவாயா? குரல் வாழ்வையே வெறுக்கச் சொல்லும் அளவுக்கு முற்றிவிட்டால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

குரலை அதட்டி அடக்க முயல்வதால் பயன் இல்லை. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றால் குரங்குதானே நினைவுக்கு வரும்? அதனோடு பேசித்தான் தீர வேண்டும். அந்தப் பேச்சு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’, ‘நெஞ்சொடு புலத்தல்’ என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. பிரிவிலும் ஊடலிலும் வருந்தும் தலைவி தன் நெஞ்சை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வசைக் குரல் நம்மை ‘நீ’ என்கிறது; நாம் வாய் மூடிக் கேட்கிறோம். தலைவியோ நெஞ்சை ‘நீ’ என்கிறாள், நெஞ்சு கேட்கிறது. துயரம் போய்விடவில்லை. ஆனால், பேசும் உரிமை கை மாறிவிட்டது. அந்த ஒரு மாற்றமே பெரிது.

இது நம் ஒருவருடைய நிம்மதியோடு முடிகிற காரியமும் அன்று. உள்ளே பேசிப் பழகிய பேச்சு ஒருநாள் வெளியே வந்துவிடும். ‘நான் ஒரு தண்டம்’ என்று தாய் தனக்குள் முணுமுணுப்பதைக் கூடத்தில் பாடம் படிக்கும் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிழை நேர்ந்தால் தன்னோடு எப்படிப் பேசுவது என்பதை எந்தப் பள்ளிக்கூடமும் அவளுக்குச் சொல்லித் தருவதில்லை. அதை அவள் அந்த முணுமுணுப்பிலிருந்துதான் கற்றுக்கொள்கிறாள்.