தொட்டியில் தழைப்பது யாருடையது?

நிலம் உடையவர்க்கே தோட்டம் என்றிருந்த காலம் மாறிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியிலும் வாடகை வீட்டின் மொட்டைமாடியிலும் இன்று அரைக்கீரையும் கத்தரியும் தழைக்கின்றன. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்திற்கு வேண்டிய பைகள், தென்னை நார்க்கழிவு, விதைகள் முதலியவற்றை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது இவ்வழக்கத்திற்கு ஊக்கம் தந்தது. சிறிய தொட்டிதான், ஆயினும் அதனுள்ளிருந்து பெரிய வினா ஒன்று முளைக்கின்றது. நாம் விதைத்து, நாம் நீர் வார்த்து, நம் வீட்டிலேயே வளர்ந்த கீரை நமக்கு மட்டுமே உரியதா?

உரியதே என்பது நம் முதல் விடை. உழைத்தவருக்கு உழைப்பின் பயன் சேர்வதே நீதி என்போம். இவ்விடையில் உண்மை உண்டு. குடியிருப்பில் அனைவர்க்கும் பொதுவென வைக்கப்பட்ட செடிகள் பல இடங்களில் காய்ந்து கிடப்பதைக் காண்கிறோம். மற்றவர் நீர் வார்ப்பார் என ஒவ்வொருவரும் எண்ணுவதால் ஒருவரும் வார்ப்பதில்லை. தனக்கென்று உள்ளதையே மனிதன் கருத்தாய்ப் பேணுவான் என்பதைத் தனியுடைமைக்குரிய காரணங்களுள் ஒன்றாக 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் எடுத்துரைத்தார். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. பொருளைப் பேணி நிர்வகிக்கும் உரிமை தனியாருக்கு உண்டு. அதன் பயனோ பொதுவானது எனக் கருதி, தேவையில் இருப்போர்க்குத் தயங்காது பகிர வேண்டும் என்றார். பேணுவதற்கு நமது, துய்ப்பதற்கு நமது மட்டுமன்று.

இக்கருத்து கடுமையாகத் தோன்றலாம். அவ்வாறெனில் தொட்டியையே சற்று உற்று நோக்குவோம். அதிலுள்ள மண் ஏதோ ஓர் ஊரின் நிலத்திலிருந்து வந்தது. நார்க்கழிவு, தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் பிரித்தபின் எஞ்சியது; யாரோ சிலர் தூசியில் நின்று உழைத்ததன் மிச்சம். கத்தரியின் விதையோ, நல்ல காயை முற்றவிட்டு அடுத்த பருவத்திற்கென எடுத்து வைத்த எத்தனையோ தலைமுறை உழவர்களின் பொறுமையால் நம் கைக்கு எட்டியது. வெயிலுக்கு நாம் விலை கொடுக்கவில்லை. நம் உழைப்பு மெய்யானதே. ஆயினும் அது பல கொடைகளின் மேல் இறுதியாக வந்து சேர்ந்த ஒரு கொடை.

தொட்டிச் செடி வேறொன்றையும் உணர்த்துகிறது. நிலத்தில் நிற்கும் முருங்கை நீரை நாடித் தன் வேரை ஆழச் செலுத்தும். தொட்டிச் செடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. வேரைச் சுவருக்குள் அடைத்தவர் நாம். ஆதலால் அதன் தாகத்திற்குப் பொறுப்பாளரும் நாமே. சித்திரை வெயிலில் இரண்டொரு நாள் மறந்தால் புதினா துவண்டுவிடும். ஒன்றை ‘எனது’ என்று வேலியிட்ட கணத்திலேயே கடமையும் பிறந்துவிடுகிறது. அக்கடமையைத் தனித்து நிறைவேற்றவும் நம்மால் இயலாது. நான்கு நாள் வெளியூர் செல்ல நேர்ந்தால், “அக்கா, செடிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்” என அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். நம்முடையது என்று நாம் நினைத்த செடி, அயலாரின் கையால் உயிர் பிழைக்கிறது.

அந்த அக்கா ஒரு நாள் ரசத்திற்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டால், நாம் தருவது தருமமாகுமா? வள்ளுவர் ‘ஈகை’ அதிகாரத்திற்கு முன்னரே ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ஈகை இல்லாதவர்க்கு இரங்கி அளிப்பது. ஒப்புரவோ ஊரோடு சேர்ந்து வாழ்பவரின் இயல்பான கடமை. காய்கறி வாங்குவோர்க்குக் கடைக்காரர் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடும் பழக்கத்தில் இவ்வறத்தின் சாயல் இன்றும் உள்ளது. ஒரு கொத்து இலை கொடுத்து நம்மை வள்ளல் என எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய வினாவும் உண்டு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் பெரிய ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் இரயில் 25 இலட்சம் லிட்டர் குடிநீருடன் வந்தது. மக்கள் குடத்துடன் லாரிக்குக் காத்திருந்த அந்நாள்களில், குழாய் நீரைச் செடிக்கு ஊற்றுவது அறமா? குடிநீரை ஊற்றுவது அறமன்று. அயலார் தாகத்தால் விளைந்த கீரையைப் பகிர்ந்து அளித்தாலும் அது நீதியாகாது. ஆனால் செடியைச் சாகவிடுவதும் ஒன்றே வழியன்று. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் தொட்டிக்குப் போதுமானவை. மேலே தென்னை நார் மூடாக்கு இட்டால் ஈரம் நீடிக்கும். நீதி முதலில், பகிர்வு அதன்பின்.

ஒரு தொட்டிக் கீரை ஊரின் பசியைப் போக்காது. ஆயினும் இருபத்தைந்து, முப்பது நாளில் அரைக்கீரை அறுவடைக்கு வரும்போது, ஒரு கைப்பிடியை அடுத்த வீட்டிற்கென ஒதுக்கும் கரம் பெரிய உடைமைகளையும் அவ்வாறே பிடிக்கப் பழகும். நிலம், பணம், பதவி ஆகியவற்றை இறுகப் பற்றும் விரல்களை முதலில் ஒரு கீரைக்கட்டில் தளர்த்திப் பார்ப்போம்.