கவுந்தியும் செயின் வண்டியும்

மூன்று டன் எடையுள்ள ஒரு நெல் அறுவடை இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்குப் பதிலாக இருபுறமும் ரப்பர் பட்டை. பட்டை ஒவ்வொன்றும் 45 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் 160 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் 14,400 சதுர செ.மீ. மூன்று டன்னை இந்தப் பரப்பில் பரப்பினால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 210 கிராம்தான் வருகிறது. நடந்துபோகும் மனிதரோ ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் ஒற்றைப் பாதத்தில் நிற்கிறார். எடை 60 கிலோ, பாதம் 150 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் 400 கிராம். சிறிய குளம்பில் பெரிய உடலைத் தாங்கும் உழவு மாடு இதைவிடப் பல மடங்கு அழுத்தும். டயர் வண்டியின் அழுத்தம் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே அமையும், அது ஒரு கிலோவைத் தாண்டும். ஆக, மேலூரிலும் வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் செயின் வண்டி என்று சொல்லப்படும் இந்த இயந்திரம், அதை வாடகைக்கு அழைத்து வந்து வரப்பில் நிற்கும் விவசாயியைவிட மண்ணை மென்மையாக மிதிக்கிறது. மென்மையாக மிதிப்பதுதான் அகிம்சை என்றால், வெறுங்காலால் நடந்த சமண முனிவரை இந்த வண்டி வென்றுவிட்டதாகச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த முடிவு தவறு என்று உள்ளுக்குள் தெரிகிறது. எங்கே தவறு என்று காட்டுவதுதான் கடினம்.

இந்தக் கேள்வியைக் கேட்க மதுரையைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், கீழக்குயில்குடி என்று ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. மாங்குளத்துக் கல்வெட்டு நெடுஞ்செழியன் பெயரைச் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து அது. குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே ஆள் தங்கியதற்கு அந்தக் காடியே சாட்சி. சமணத் துறவிக்கு மழையின் நான்கு மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றத் தடை உண்டு. ஈரம் பட்ட மண்ணில் புழுவும் முளையும் பெருகிவிடும், எங்கே கால் வைத்தாலும் ஓர் உயிர் நசுங்கும் என்பது காரணம். பௌத்த சங்கத்தில் இதே விதி வந்த கதையை மகாவக்கம் சொல்கிறது: மழையில் பிக்குகள் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிவதாக மக்களே முறையிட்டார்கள், அதன்பின் புத்தர் மழைக்காலத் தங்கலை வகுத்தார். இன்னும் நெருக்கமான சான்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துவரும் சமணத் துறவி கவுந்தியடிகள், நாடுகாண் காதையில் வழியின் இடர்களைச் சொல்கிறார். வயலோரமாக நீர்க்கரையில் நடக்கும்போது காலடியில் நண்டும் நத்தையும் பட்டு வருந்தினால் அந்தத் துன்பத்தைத் தாங்க முடியாது என்கிறார். அவருடைய கவலை முழுவதும் எந்த வழியில் போவது, போகலாமா என்பதைப் பற்றியது. பாதத்தை அகலமாக்கிக்கொள்வது எப்படி என்று அவர் யோசிக்கவில்லை.

ரப்பர் பட்டை பிறந்த கதை நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் வாகனப் பொறுப்பிலிருந்த பிரெஞ்சுக்காரர் அடோல்ஃப் கெக்ரெஸ், பனியில் புதையும் கார்களுக்குப் பின்சக்கரங்களின் இடத்தில் ரப்பர் பட்டை மாட்டினார். அரசர் போனபின் லெனினின் ரோல்ஸ் ராய்ஸும் அதே பட்டையில் ஓடியது. புரட்சிக்கும் பனி ஒன்றுதான். 1922 டிசம்பரில் சிட்ரோயன் நிறுவனம் இதே பட்டை வண்டிகளை சகாராவுக்குள் அனுப்பியது. மறு மாதம் அவை திம்பக்துவை அடைந்தன. இன்று குளிர்நாடுகளில் கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு பயன்பாட்டு வண்டிகளின் நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டு முக்கோண வடிவப் பட்டைகளை மாட்டுகிறார்கள். இடம் எதுவானாலும் நோக்கம் ஒன்று: நிலம் வராதே என்று சொன்ன இடத்துக்குப் போவது. பனியும் மணலும் சேறும் சக்கரத்தை நிறுத்தின. பட்டை அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. மண்ணுக்கு வலிக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தக் கண்டுபிடிப்பில் எங்கும் இல்லை. அழுத்தம் குறைந்தது உள்ளே நுழைவதற்கான உபாயம் மட்டுமே.

நுழைந்தபின் நடப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இயந்திரத்தின் வெட்டும் அகலம் இரண்டு மீட்டர் என்றால், ஒவ்வொரு நடையிலும் இரு பட்டைகளும் சேர்ந்து 90 செ.மீ. தரையை மிதிக்கின்றன. வயலில் ஏறத்தாழ பாதி நிலம் ஒரே நாளில் பட்டைக்கு அடியில் போய்விடுகிறது, திரும்பும் இடங்களைச் சேர்க்காமலே. திரும்பும்போது ஒரு பட்டை நின்று மறு பட்டை சுழல, மண் அரைபட்டு வரப்போரம் குவிகிறது. அறுப்பு ஆட்களின் பாதம் சதுர செ.மீ. கணக்கில் கனமானது, ஆனால் அது விழும் இடம் வயலில் சிறு பங்கு. காவிரி டெல்டாவில் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கும் பழைய வழக்கம் உண்டு. கையறுப்பில் அந்த முளைகள் பிழைத்தன. இயந்திரம் வந்தால் தடம் தடமாக நசுங்கிப்போகின்றன. மேலும், பட்டை குறைப்பது மேல்மண்ணில் விழும் அழுத்தத்தை. ஆழத்துக்கு இறங்கும் அழுத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மொத்த எடை. மூன்று டன் எப்படிப் பரப்பினாலும் மூன்று டன்தான்.

ஆனாலும் அளவைவிட முக்கியமான ஒன்று பார்வை. நடக்கும் சமணத் துறவி நான்கு முழத் தொலைவு தரையைப் பார்த்தபடி அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குச் சொல்லும் இலக்கணத்தின் உயிர்நாடி அசட்டை: கவனம் தவறிய செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை. செயின் வண்டியின் இருக்கையில் இருப்பவருக்கு முன்னால் வெட்டும் பகுதியும் சாயும் கதிரும்தான் தெரியும். பட்டை விழும் இடம் தெரியாது. இது ஓட்டுநரின் குற்றமில்லை, இயந்திரத்தின் அமைப்பே அப்படி. முன்பு சேறு அந்தக் கவனத்தைக் கட்டாயமாக ஊட்டியது. டயர் புதைந்துவிடும் என்ற பயத்தில் ஒருவர் வயலில் இறங்கி, குதிகாலால் அழுத்திப் பார்த்து, இன்னும் நாலு நாள் போகட்டும் என்றார். அது அறத்தால் வந்த நிதானம் அன்று, ஆனால் அறத்தின் வேலையைச் செய்தது. பட்டை வந்தபின் அந்த நிதானம் வேண்டுமென்றால் மனிதர் தானாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது, அதுவும் சமணத்துக்குள்ளிருந்தே வருகிறது. 959ஆம் ஆண்டைச் சேர்ந்த யசஸ்திலகத்தில் சோமதேவர் உழவரையும் மீனவரையும் ஒப்பிடுகிறார். ஒரு மீனும் சிக்காவிட்டாலும் வலை வீசியவருக்குப் பாவம் உண்டு. உழும்போது உயிர்கள் செத்தாலும் உழவருக்கு அது ஒட்டாது, ஏனெனில் கொல்வது அவர் எண்ணமில்லை. இல்லறத்தாரின் தொழில்வழி இம்சையைச் சமணம் முழுமையாக விலக்கச் சொன்னதும் இல்லை. அழகர்மலைத் தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில் கொடையாளிகளின் பட்டியலில் கொழு வணிகன் ஒருவன் வருகிறான். மண்ணைக் கீறும் கொழுவை விற்ற காசில் மண்ணுயிருக்கு அஞ்சிய முனிவருக்குப் படுக்கை! இதைப் போலித்தனம் என்று சிரிக்கலாம். எனக்கு அது நேர்மையான ஒப்பந்தமாகவே படுகிறது. ஆனால் சோமதேவரின் விலக்கு எண்ணத்தைப் பற்றியது. எண்ணம் இல்லை என்பதும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் ஒன்றாகிவிடாது. தீங்கு தெரிந்திருந்தும் தவிர்க்க வழியிருந்தும் பார்க்காமல் விடுவதைத்தான் சூத்திரம் அசட்டை என்கிறது.

இரண்டாவது மறுப்பு சம்சாரித்தனமானது: நெல்வயலே சிதைக்கப்பட்ட மண்தானே? தொழி உழவு என்பதே மண்ணின் கட்டமைப்பைக் குழப்பி, அடியில் கடினத் தட்டை உண்டாக்கி நீரைத் தேக்கும் வித்தை. அங்கே இன்னொரு மிதியால் என்ன கெட்டுவிடும்? உண்மைதான். நெல்லுக்கு ஓரளவு கடினத் தட்டு தேவையும்கூட. ஆனால் அது தெரிந்து, அளவிட்டு, நெல்லுக்காகச் செய்யும் சிதைவு. அறுப்பின்போது விழும் தடம் யாருக்காகவும் விழுவதில்லை. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலிலோ தொழி என்ற சமாதானமும் கிடையாது. ஈரக் கரிசலில் இறுகிய தடத்தைப் பிறகு உளிக்கலப்பை போட்டு உடைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது மறுப்புக்கு முன்னால் நான் பாதி வழி இறங்கிவர வேண்டும். மழையில் சாய்ந்த கதிர் நாலு நாள் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். அறுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை. அப்படி நுழைந்தே ஆகவேண்டிய நிலையில் டயரைவிடப் பட்டை மேல், சந்தேகமே இல்லை. சோற்றை இழந்து நத்தையைக் காக்கச் சொல்லும் உரிமை அறுவடை செய்யாத யாருக்கும் கிடையாது. கவுந்தியும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எல்லா ஈரமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அறுப்புக்குப் பத்து நாள் முன்பே மடையை அடைத்து வயலைக் காயவிடுவது பழைய ஒழுங்கு. செயின் வண்டி எந்தச் சேற்றிலும் இறங்கும் என்றானபின் அந்த ஒழுங்கைக் கைவிடுவது எளிதாகிறது. மணிக்கணக்கு வாடகை வேறு. வெளியூரிலிருந்து வந்த வண்டி இன்று நம் தெருவில் நிற்கிறது, நாளை எங்கே நிற்குமோ தெரியாது. காத்திருப்பதற்கு விலை வைத்துவிட்டோம், குத்தகைக்காரரால் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

அதனால் பொறுப்பை ஓட்டுநர் தலையிலோ வயல்காரர் தலையிலோ மட்டும் கட்டுவது நியாயமில்லை. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள பெரியாறு இருபோகப் பாசனம் சுமார் 45,000 ஏக்கர். 120 நாள் தண்ணீரில் முதல் 45 நாள் முழுமையாகவும் மீதி 75 நாள் முறைவைத்தும் திறக்கும் வழக்கம் இருக்கிறது. எந்த மடை எந்தத் தேதியில் அடைபடுகிறது, கடைமடைக்குத் தண்ணீர் எவ்வளவு தாமதமாகப் போகிறது, அங்கே நடவு தள்ளிப்போய் அறுப்பு மழையில் மாட்டுகிறதா என்பதெல்லாம் அந்த அட்டவணையில் தீர்மானமாகின்றன. முனிவருக்கு மழைக்கால விதி சங்கம் முழுமைக்கும் வகுக்கப்பட்டது. தனி முனிவரின் இரக்கத்தை நம்பி அது விடப்படவில்லை. வயலுக்கு அப்படியொரு விதி வேண்டுமென்றால் அதை எழுத வேண்டியவர்கள் மடைச்சாவியும் வண்டி வாடகையும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்கள்.