கடையில் அடிபட்டால் சொல்வதா, சும்மா இருப்பதா?

கடைக்குச் சாமான் வாங்கப் போகிறோம். தரையில் கிடந்த தண்ணீரில் கால் வழுக்கிவிடுகிறது. அல்லது மேல் தட்டிலிருந்து ஒரு பால் டின் தோளில் விழுகிறது. அல்லது துருத்திக்கொண்டிருந்த ஆணியொன்று கையைக் கீறிவிடுகிறது. எலும்பு முறியவில்லை. வலி மாலைக்குள் போய்விடும். இந்நிலையில் கடைக்காரரிடம் முறையிடுவதா, அல்லது சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடையைக் கட்டுவதா? கேள்வி சிறியதுதான். ஆயினும் நீதி, பொறுமை, பிறர் உரிமை, ஓர் ஏழைப் பையனின் பிழைப்பு ஆகிய எல்லாம் இதற்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே நேயர்களுடன் சேர்ந்து இதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

நாம் படித்தது மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலுமே. மற்றவை எல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றவை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மளிகைக் கடை நடத்தி வருவதால், வாங்க வருகிறவரின் மனமும் விற்கிறவரின் மனமும் நமக்கு ஓரளவு தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறோம்.

இத்தகைய சமயங்களில் நம்மவர் இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் காண்கிறோம். ஒரு சாரார் விழுந்த இடத்திலேயே கூச்சல் போட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள். இக்காலத்தில் எழுந்து நிற்பதற்கு முன்பே கைத்தொலைபேசியில் படம் பிடித்து, ஊர் முழுவதற்கும் அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. இவர்கள் சிலரே. பெரும்பாலோர் மற்றொரு சாரார். "போனால் போகிறது, அல்லாஹ் காப்பாற்றினான்" என்று சொல்லி, வாய் திறவாமல் வெளியேறிவிடுவார்கள். பார்ப்பவர்கள் இதைப் பெருந்தன்மை என்று புகழ்வார்கள்.

ஆனால் அந்த மௌனம் எதுவரை நீடிக்கிறது? பெரும்பாலும் அடுத்த தேத்தண்ணிக் கடை வரையில்தான். அங்கே உட்கார்ந்ததும், "அந்தக் கடைக்கா போகிறீர்கள்? தரையைப் பார்த்து நடங்கள். நான் அன்றைக்கு விழுந்து எழுந்தேன்" என்று பேச்சு தொடங்கிவிடும். கேட்டவர் இன்னொருவரிடம் சொல்வார். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரியாதவர் ஒருவர் மட்டுமே. அவர்தான் அந்தத் தரையைச் சீர்செய்யக்கூடிய கடை முதலாளி! இதைப் பொறுமை என்று சொல்லலாமா? முகத்துக்கு நேரே சொன்னால் முறையீடு. முதுகுக்குப் பின்னால் சொன்னால் புறம். முறையீட்டுக்கு அஞ்சிப் புறம் பேசுகிறவர் எதை மிச்சப்படுத்திக்கொண்டார்?

நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். சென்ற ஆண்டு மழைக் காலத்தில் பினாங்கில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர்பெட்டிகள் வரிசையாக நிற்கும் பெரிய கடை. ஒரு பெட்டியின் அடியிலிருந்து கசிந்திருந்த தண்ணீரில் வழுக்கி, ஒரு காலை மடக்கி விழுந்தோம். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் துடைப்பத்துணியுடன் ஓடி வந்தான். நம்மைத் தூக்கிவிட்டுவிட்டு, "அண்ணே, முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே. காலையிலேருந்து மூணு தடவை துடைச்சுட்டேன்" என்றான். பேச்சில் இராமநாதபுரத்து மண்வாசனை. ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்தவன் என்பது கேட்காமலே விளங்கிற்று. இந்த முதலாளி வேண்டாமென்றால் அவன் கப்பலேறவோ விமானமேறவோ வேண்டியதுதான். அதே நேரத்தில் வரிசையின் மறு கோடியிலிருந்து ஒரு மூதாட்டி பேரனின் தோளைப் பிடித்தபடி அந்தப் பெட்டியை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தார்.

நேயர்களே, இப்போது யோசித்துப் பாருங்கள். சொன்னால் பையனின் பிழைப்புக்குக் கேடு வரலாம். சொல்லாவிட்டால் அந்த மூதாட்டியின் இடுப்பு எலும்புக்குக் கேடு வரலாம். இரண்டும் ஏழையின் பங்கே. எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கேதான் ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்த வேண்டும். விழுந்தது நம் முழங்கால். அதற்காக நாம் யாரிடமும் எதுவும் கேட்காமல் மன்னித்துவிடலாம். அது நம் ஹக்கு; அதை விட்டுக்கொடுப்பது அழகான குணம். ஆனால் அடுத்து வரப்போகிறவரின் முழங்கால் நம்முடையதன்று. அவருடைய ஹக்கை விட்டுக்கொடுக்க நமக்கு ஏது உரிமை? தண்ணீர் இன்னும் தரையில் கிடக்கும்போது "நான் மன்னித்துவிட்டேன்" என்று சொல்லி வெளியேறுகிறவர், தம் பணத்தைத் தருமம் செய்யவில்லை. அடுத்தவர் பணத்தையல்லவா எடுத்துத் தருமம் செய்கிறார்! பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதில் ஓதினோம். கையால் அகற்ற முடிந்த முள்ளைக் கையால் அகற்றுகிறோம். கடைக்குள் இருக்கும் முள்ளை வாயால் சொல்லித்தானே அகற்ற வேண்டியிருக்கிறது?

"சிறு வழுக்கலுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். ஒருவருக்குச் சிராய்ப்பாக முடிவது இன்னொருவருக்கு உயிரைப் போக்குவதாக முடியலாம். கீழே விழுவதால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குக் கூறுகிறது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தோரே அதிகம். அமெரிக்காவில் ஹைன்ரிக் என்பவர் 1931-ல் வெளியிட்ட நூலில், ஒரு பெருங்காயம் நேரும் இடத்தில் அதே வகையில் 29 சிறு காயங்களும், காயமே இல்லாத 300 சம்பவங்களும் நேர்கின்றன என்று ஒரு கணக்குப் போட்டார். அந்த எண்களைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அனுபவஸ்தர்கள் அறிந்த ஓர் உண்மை அதில் உண்டு. பெரிய விபத்து திடீரென்று வருவதில்லை. பல முறை கதவைத் தட்டிவிட்டே வருகிறது. ஒவ்வொரு தட்டலையும் கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டால், உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். முதலில் அந்த மூதாட்டியைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு, பையன் துடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றோம். பிறகு முதலாளியைத் தனியே கண்டு, "பாய், உங்கள் மூன்றாவது குளிர்பெட்டி ஒழுகுகிறது. துடைத்துத் துடைத்து உங்கள் ஆள் ஓய்ந்துவிட்டான். துணியால் தீருகிற காரியமாகத் தெரியவில்லை. குழாயைப் பாருங்கள்" என்றோம். பையன் துடைக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை, அது உண்மையுமன்று. முதலாளி உடனே கல்லாவைத் திறந்து இரண்டு நோட்டுகளை எடுத்து நீட்டினார். முறையீடு என்றாலே பணத்துக்கு என்று அவர் நினைத்துவிட்டார். "இது வேண்டாம் பாய், குழாயைச் சரிசெய்யுங்கள், போதும்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது பெட்டியின் அடியில் கோணிச் சாக்கு ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. குழாய் பழையபடியே சொட்டிக்கொண்டிருந்தது! மறுபடியும் முதலாளியிடம் போனோம். இந்த முறை, எந்தத் தேதியில் ஆள் வந்து பழுது பார்ப்பார் என்று கேட்டு, அந்தத் தேதியை அவர் வாயாலேயே சொல்லச் செய்தோம். மூன்றாம் முறை போனபோது தரை உலர்ந்திருந்தது. பையனும் அங்கேதான் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

முறையீட்டை ஆளின் மீது வைக்காமல் ஏற்பாட்டின் மீது வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரில் 1974 ஜூன் மாதம், பெரிய அங்காடி ஒன்றில் தரையில் சிந்திக் கிடந்த தயிரில் ஒரு மாது வழுக்கி விழுந்தார். வழக்காயிற்று. தயிர் எவ்வளவு நேரமாக அங்கே கிடந்தது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. வாங்க வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளுள் இருவர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். சிந்தியதை உடனுக்குடன் துடைக்கத் தக்க ஏற்பாடு இருந்தது என்று காட்ட வேண்டியவர் கடைக்காரரே என்பது அத்தீர்ப்பின் சாரம். விழுந்து மூன்று வாரம் கழித்து அந்த மாது அதே கடைக்குப் போனபோது, சிந்திய ஆரஞ்சுச் சாறு கால் மணி நேரமாகத் துடைப்பாரின்றிக் கிடந்ததைக் கண்டாராம். ஒரு வேலையாளின் அசட்டை மட்டுமன்று, ஏற்பாட்டிலேயே குறை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நம் மலேசியாவிலும் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலையாட்கள் விஷயத்தில் மட்டுமின்றி, அத்தொழிலால் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய மற்றவர்கள் விஷயத்திலும் முதலாளிக்குக் கடமை உண்டு என்கிறது.

எல்லாவற்றுக்கும் முறையிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கைலி தடுக்கி நாமே விழுந்தால் அதில் கடைக்காரருக்கு என்ன சம்பந்தம்? ஓடி விளையாடிய குழந்தை நம்மீது மோதினால் சிரித்துவிட்டுப் போகலாம். விழுந்த டின் கடைசி டின்னாக இருந்து, இனி யார் தலையிலும் விழ இடமில்லையென்றால் அதையும் விட்டுவிடலாம். "நமக்கு எவ்வளவு அடி?" என்று கேட்டு முடிவு செய்வதைவிட, "ஆபத்து இன்னும் அங்கே இருக்கிறதா? அடுத்தவரையும் அது பிடிக்குமா?" என்று கேட்டு முடிவு செய்வதே நலம்.

சொல்லும் முறை ஒன்றும் உண்டு. தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வியாபாரியையே முதலில் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்ற பதிலையும் கேட்டார்கள். அதன் பிறகே, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று சொல்லி, மோசடியைக் கண்டித்தார்கள். முதலில் உரியவரிடம் கேட்பது, அவர் பதிலைச் செவிமடுப்பது, செய்ய வேண்டியதைச் சொல்வது என்ற இந்த வரிசை நமக்குப் போதும். இரண்டு மூன்று முறை நயமாகச் சொல்லியும் கேளாதவர்களுக்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் எழுதிக் கொடுப்பது பகையாகாது.

காயம் மெய்யாகவே பட்டிருந்தால் மருத்துவச் செலவைக் கேட்பதிலும் வெட்கமில்லை. அன்றைக்கே கடையில் சொல்லி, எழுதி வைக்கச் செய்வது நல்லது. தலையில் அடிபட்டுப் பின்னர் வாந்தியோ, மயக்கமோ, கூடிக்கொண்டே போகும் தலைவலியோ கண்டால், மானம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் பத்து வெள்ளிச் செலவை நூறு வெள்ளியாக்கிக் கேட்கிறவர், பிறகு வரும் உண்மையான முறையீட்டையும் பொய்யாக்கிவிடுகிறார்.

முடிவாக, நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் வாய் திறவாமல் போவதற்குப் பெரும்பாலும் நம் முகமே காரணம். அவர் சொல்லத் தொடங்கியதும் நாம் கடைப் பையனைத் திட்டுகிறோம். அல்லது கல்லாவைத் திறக்கிறோம். முதலாவதைக் கண்டால் இரக்கமுள்ளவர் வாயை மூடிக்கொள்வார். இரண்டாவதைக் கண்டால் மானமுள்ளவர் வாயை மூடிக்கொள்வார். இரக்கமும் மானமும் உள்ளவர்கள் பேசாமல் போன பிறகு, நம்மிடம் வந்து பேச யார்தான் மிஞ்சுவார்கள்? உடைந்ததற்கெல்லாம் பையனின் சம்பளத்தில் பிடிக்கிற கடையில், ஒழுகும் குழாயைப் பற்றிப் பையனும் சொல்லமாட்டான். குறையைச் சொல்ல வந்தவருக்கு ஒரு நாற்காலியும், சொன்ன வேலையாளுக்கு ஒரு நல்ல வார்த்தையும் கொடுப்போம். அதற்குப் பிறகு நம் கடைத் தரையை நாமே போய் ஒரு முறை நடந்து பார்ப்போம்.