நெருக்கடி முடிந்த பிறகும் படபடக்கும் நெஞ்சு



கடன் அடைந்துவிட்டது. வழக்கு முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். இனி நிம்மதி என்று மூச்சு விடும்போதுதான் சிலருக்கு உடம்பு தொல்லை கொடுக்கத் தொடங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்தது போல இருக்கிறது. கை கால் மரத்துப்போகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் ஃபஜ்ர் பாங்கு வரை தூக்கமில்லை. ஈ.சி.ஜி. எடுத்தால் நார்மல் என்கிறார்கள்.

வீட்டில் என்ன சொல்கிறோம்? அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன? பள்ளிவாசல் திண்ணையில் என்ன சொல்கிறோம்? ஈமான் பலவீனம், தவக்குல் இல்லை. ஏற்கனவே வாடிப்போயிருப்பவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு நாம் ஸலாம் சொல்லிப் போய்விடுகிறோம்.

சகோதரர்களே! முதல் வஹீ இறங்கிய அந்தச் சம்பவத்தை ஸஹீஹ் புகாரியின் தொடக்கத்திலேயே பார்க்கிறோம். ஹிரா குகையில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபி (ஸல்) அவர்களை இறுக அணைத்து விட்டார்கள், வசனங்கள் இறங்கின. அது அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் நபியவர்கள் மலையிலிருந்து இறங்கி, மக்காவுக்கு நடந்து, வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகும் அவர்களின் நெஞ்சு நடுங்கிக்கொண்டே இருந்தது. தம்மைப் போர்த்திவிடும்படி கேட்டார்கள். படைப்புகளிலேயே மிக உறுதியான ஈமான் கொண்ட நெஞ்சம் அது! அந்த நெஞ்சுக்கே நடுக்கம் தணிய நேரம் தேவைப்பட்டது என்றால், உங்களுக்கும் எனக்கும்?

அன்னை கதீஜா (ரலி) செய்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் போர்வை. பயம் அகலும் வரை போர்த்தினார்கள் என்றே ஹதீஸில் வருகிறது. பேச்சு அதற்குப் பிறகுதான். தமக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அஞ்சியதாக நபியவர்கள் சொன்னபோது, அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று ஆறுதல் கூறி, உறவைப் பேணுவதையும் ஏழைக்கு உதவுவதையும் விருந்தினரை உபசரிப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அப்புறம், விஷயம் தெரிந்தவரான வரக்கா பின் நவ்ஃபலிடம் அழைத்துப் போனார்கள். போர்வை, ஆறுதல், அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல். நாம் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக உபதேசத்தில் இறங்குகிறோம்.

யஃகூப் (அலை) அவர்களையும் பாருங்கள். அழகிய பொறுமை என்று குர்ஆனில் வருவது அவர்களுடைய வாயிலிருந்து வந்த சொல்தான். அப்படிப் பொறுமை காத்தவர்களின் கண்களே துக்கத்தால் வெளுத்துப்போயின என்று அதே யூசுஃப் அத்தியாயம் சொல்கிறது. பொறுமை இருந்தது, உடம்பிலும் துக்கம் தெரிந்தது. இன்னும் யூசுஃபையே நினைத்து உருக்குலைகிறீர்களே என்று வீட்டார் குறைப்பட்டபோது, என் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

உடம்பில் என்னதான் நடக்கிறது? பயம் வந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் போன்றவை சுரக்கின்றன. இதயமும் மூச்சும் வேகமாகின்றன, தசைகள் இறுகுகின்றன. ஆபத்திலிருந்து ஓடுவதற்கு ரப்பு வைத்த ஏற்பாடு அது. பல மாதம் அந்த நிலையிலேயே கிடந்த உடம்பு ஒரே நாளில் அடங்காது. ஃபேன் சுவிட்சை அணைத்த பிறகும் இறக்கை கொஞ்ச நேரம் சுற்றுகிறதல்லவா? சுற்றுவதைப் பார்த்து, ஐயோ ஹார்ட் அட்டாக்கோ என்று பயந்தால், மறுபடியும் சுவிட்சைப் போட்டுவிடுகிறோம். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினாலே விரல்கள் மரத்து, தலை சுற்றும். அது இன்னொரு நோய் போலத் தோன்றி இன்னும் பயமுறுத்தும்.

அதற்காக எல்லாமே மனசுதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒருமுறை முறையாக டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தசோகை, தைராய்டு, பி 12 குறைவு இவற்றிலும் படபடப்போ சோர்வோ மரத்துப்போவதோ வரும். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பரிசோதனை சரியாக இருந்தால் அதை நம்புங்கள். வாரம் ஒரு டாக்டர், ராத்திரி முழுக்க கூகுள் என்று அலையாதீர்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள். அது ஒன்றும் வெட்கம் இல்லை. ஹிஜ்ரி 322-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் சேர்த்து ஒரே நூலாக எழுதிய சமுதாயம் இது. அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரமளானில் நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

சிலர் படபடப்புக்குப் பயந்து ஜமாஅத்துக்கே வருவதில்லை. வாருங்கள். கதவோரம் ஸஃப்பின் ஓரத்தில் நில்லுங்கள். நிற்க முடியாமல் தலை சுற்றினால் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. வயிறு உருட்டும்போதெல்லாம் உளூ முறிந்ததோ என்ற சந்தேகமா? சத்தமோ வாடையோ அறியும் வரை தொழுகையை விட வேண்டாம் என்று நபியவர்கள் தீர்த்து வைத்துவிட்டார்கள். ஐந்து தடவை உளூ செய்து களைத்துப்போக வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துக்கத்தில் இருப்பவருக்கு தல்பீனா என்ற பார்லிக் கஞ்சி கொடுக்கச் சொல்வார்கள் ஆயிஷா (ரலி). அது நெஞ்சுக்கு இதமளிக்கும் என்று நபியவர்கள் சொன்னதாகவும் அறிவிக்கிறார்கள். நம் ஊர் நோன்புக் கஞ்சிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு கிண்ணம் சூடாகக் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

யா அல்லாஹ்! நம்மில் யாருடைய நெஞ்செல்லாம் இந்நேரம் படபடத்துக்கொண்டிருக்கிறதோ அவர்களுக்கு ஷிஃபாவையும், இன்றிரவு நல்ல தூக்கத்தையும் தருவாயாக. ஆமீன்.