கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொழிற்சங்கம் தேவைதானா?



கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குடியிருந்து, துறைமுகத்திலும் கம்பனிகளிலும் கடைகளிலும் வேலை செய்கின்ற நம் மக்கள் சிலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “வேலைத்தலத்தில் உள்ள சங்கங்களெல்லாம் ஏதோவொரு கட்சியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகின்றன. கிறிஸ்தவர்களாகிய எமக்கென்று ஒரு தொழிற்சங்கம் இருந்தால் என்ன?” கேள்வி நியாயமானது. விடையோ அவ்வளவு இலகுவானதன்று. முதலாளியோடு பேசும் மேசையில் தொழிலாளி சார்பில் யார் அமர்வது என்பதைப் பொறுத்தே பல வீடுகளில் அடுப்பெரிகிறது. எனவே நிதானமாகச் சிந்திப்போம்.

தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது அவர்களின் இயற்கை உரிமை என்பதைப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், 1891 மே 15ஆம் திகதி வெளியிட்ட ‘றேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில் தெளிவாக எடுத்துரைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1893இல், கொழும்பில் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். இலங்கையின் முதலாவது தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது அதனையே. கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட வைத்தியர் லிஸ்போவா பின்ரோ அதன் முன்னணியில் நின்றார். ஆயினும் அச்சங்கம் எந்தச் சமயத்தின் பெயரையும் சூடிக்கொள்ளவில்லை. அச்சுக் கோப்பவர் என்பதே அதில் சேரப் போதுமான தகுதியாயிருந்தது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கு சோசலிசச் சங்கங்கள் பல சமயத்தைப் பகைத்தன. விசுவாசத்தையும் விடமுடியாமல், உரிமையையும் இழக்க விரும்பாமல் தவித்த தொழிலாளர் தனிக் கிறிஸ்தவச் சங்கங்களை அமைத்தனர். அவற்றின் சர்வதேசச் சம்மேளனம் 1920இல் ஹேக் நகரில் உருவாயிற்று. அன்று முதல் இச்சங்கங்கள்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: “இவர்கள் சமாதானம் பேசுகிறோம் என்று சொல்லி முதலாளிக்கு வசதியாகக் கையொப்பம் இடுகிறவர்கள்.” கனடாவில் 1952இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிற்சங்கத்தை ஏனைய சங்கங்கள் குறைகூறுவதும் இவ்வாறுதான்.

இக்குற்றச்சாட்டு எப்போதும் உண்மையா? பிரான்சின் வட பகுதியில் நடந்ததைப் பாருங்கள். அங்கு துணி ஆலைகளின் முதலாளிமார் பலர் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவர்களின் கூட்டமைப்பின் தலைவர் எயுஜேன் மத்தோன், 1924இல் உரோமாபுரிக்கே முறைப்பாடு செய்தார். எதற்காக? கிறிஸ்தவச் சங்கங்கள் மார்க்சியவாதிகளைப் போல நடக்கின்றனவாம்! உரோமாபுரி தீர விசாரித்தது. 1929இல் வந்த மறுமொழி, தொழிலாளரின் சங்க உரிமையை உறுதிசெய்து, அக்குற்றச்சாட்டை ஏற்க மறுத்தது. அதேவேளை, இரு தரப்பாரும் கூடிப் பேசும் கூட்டுக் குழுக்களையும் சிபாரிசு செய்தது. இதற்கிடையில் ஹலுவென் என்ற ஊரில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. லீல் நகர ஆயர் லியனார், வேலைநிறுத்தம் செய்தோரின் குடும்பங்களுக்கான நிதிக்குப் பகிரங்கமாகவே பணம் கொடுத்தார். மறு ஆண்டு அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். ஆகவே, கிறிஸ்தவச் சங்கம் என்றால் முதலாளியின் செல்லப்பிள்ளை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம். 1933இல் வெள்ளவத்தை நூல் நூற்கும் நெசவு ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அங்கு மலையாளத் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் சேர்ந்து வேலைசெய்தனர். கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் ஒரு புதிய சங்கம் போராட்டத்தை நடத்தியது. அதுவரை கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராயிருந்த ஏ. ஈ. குணசிங்க அதனை எதிர்த்தார். இன உணர்வு கிளறிவிடப்பட்டது, தொழிலாளர் பிளவுபட்டனர், போராட்டம் தளர்ந்தது. இதே குணசிங்கவின் தொழிற்சங்கக் காங்கிரசுதான் நான்கு ஆண்டுகளுக்கு முன், 1929இல், முதலாளிமார் சம்மேளனத்தோடு முதன்முதலாகக் கூட்டு உடன்படிக்கை செய்த பெருமைக்குரியது. ஒற்றுமையால் மேசைக்குப் போனவர்கள் வேற்றுமையால் வீதிக்கு வந்தார்கள். இனத்தின் பெயரால் அன்று நேர்ந்தது சமயத்தின் பெயரால் நேராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சட்டத்தையும் கவனியுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்யலாம். ஆனால், கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, சம்பந்தப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேராவது அங்கத்தவராயுள்ள சங்கத்தோடு பேரம்பேச முதலாளி மறுக்க முடியாது. இப்போது கணக்குப் போடுங்கள். நூறு பேர் வேலைசெய்யும் இடத்தில் ஐம்பது பேர் ஒரு சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுள் பதினைந்து கிறிஸ்தவர்கள் நல்ல எண்ணத்தோடு விலகித் தனிச்சங்கம் தொடங்குகிறார்கள். பழைய சங்கத்தில் எஞ்சுவோர் முப்பத்தைந்து பேர். இனி இரண்டு சங்கத்தில் எதனோடும் பேசவேண்டிய கடப்பாடு முதலாளிக்கு இல்லை! பதினைந்து பேரின் மனச்சாட்சி சாந்தியடைந்தது. நூறு பேரின் சம்பளப் பேச்சு நின்றது. இது பிறர் சிநேகமாகுமா?

இந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் சிலர் இதற்கு வேறொரு வழியைக் கண்டார்கள். 1958இல் தோன்றிய ‘கிறிஸ்டியன் வேர்க்கர்ஸ் பெலோஷிப்’ என்ற கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, ஒரு தொழிற்சங்கமாக அமையவில்லை. பல சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் அதில் கூடிச் சிந்தித்தார்கள், செபித்தார்கள். தொழிலாளர் இயக்கத்திலோ மற்றவர்களோடு தோளோடு தோள் நின்றார்கள். மாவிலிட்ட புளிப்பு தனிப் பாத்திரத்தில் இருப்பதில்லை அல்லவா?

ஆனால் பொதுச் சங்கத்தில் சேர்ந்து, சந்தாவைக் கட்டிவிட்டு வாளாவிருப்பதும் கிறிஸ்தவக் கடமையாகாது. பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ என்ற சுற்றுமடலில், வேலைநிறுத்தம் நியாயமான உரிமை, ஆயினும் அது கடைசி ஆயுதம் என்றார். தொழிற்சங்கம் அரசியற் கட்சியின் பிடிக்குள் அகப்படலாகாது என்றும் எச்சரித்தார். அப்படியானால் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்க வேண்டியவர் யார்? அங்கத்தவரின் விருப்பத்தைக் கேட்காமல் வேலைநிறுத்தம் அறிவிக்கும்போது “பொறுங்கள்” என்று சொல்ல வேண்டியவர் யார்? ‘மேன்பவர்’ கம்பனி மூலம் நாட்கூலிக்கு வந்து, எந்தச் சங்கத்திலும் இடமின்றி அதே யந்திரத்தின் முன் நிற்கும் ஏழையை நினைவூட்ட வேண்டியவர் யார்? திராட்சைத் தோட்டத்து உவமையில், ஒருவரும் வேலைக்கு அழைக்காததால் பதினோராம் மணிவரை சந்தையில் நின்றவர்களையும் எஜமான் மறக்கவில்லை. நாம் மறக்கலாமா?

உள்ள சங்கம் விலைபோய்விட்டால், அல்லது விசுவாசத்தையே கைவிடச் சொன்னால், தனியே அமைக்கும் உரிமை இல்லாமற் போய்விடாது. ஆயினும் பிரிவதற்கு முன்னர், “நாங்கள் போனபின் எஞ்சுபவர்களின் கதி என்ன?” என்று ஒருமுறை கேட்டுவிட்டே பிரிய வேண்டும்.

முதலாளிகளாயிருக்கும் கத்தோலிக்கருக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளி எந்தச் சங்கத்தில் சேருகிறான் என்று ஆராய்வதிலும் பார்க்க, அவன் சங்கத்தோடு நேர்மையாகப் பேசுகிறோமா என்று ஆராய்வதே நமக்குத் தகும். பாடசாலை, வைத்தியசாலை, அச்சகம் என்று திருச்சபையின் பெயரால் நடக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பிறருக்குப் பிரசங்கித்த உரிமையை நம் வாசற்படியிலேயே மறுப்போமானால், கிறிஸ்தவச் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதமே அர்த்தமற்றுப் போகும். ஒரு சங்கத்தின் பெயர்ப்பலகையில் கிறிஸ்துவின் பெயர் இல்லாதிருக்கலாம். அதன் மேசையில் கடைசி மனிதனுக்கும் ஓர் இடம் இருக்குமானால், கிறிஸ்தவன் அங்கு துணிந்து அமரலாம்.