நஷ்டத்திலும் மூடாத கை

வியாபாரத்தில் நஷ்டம் புதிதன்று. நஷ்டப்பட்ட மறுநாள், ஏழைக்குக் கொடுக்கும் கையைச் சுருக்கிக்கொள்ளலாமா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

சிங்கப்பூர் சென்றுவரும் நம் சிகாமட் வணிகர்கள் பீச் ரோடு பகுதியிலுள்ள ஹஜ்ஜா பாத்திமா பள்ளிவாசலை அறிவர். அதைக் கட்டிய அம்மையார் நமக்கு அண்டையிலுள்ள மலாக்காவில் பிறந்தவர். புகிஸ் வணிகரை மணந்து, கணவர் மறைந்தபின் வாணிபத்தைத் தாமே நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர் வீட்டில் இருமுறை திருடர் புகுந்தனர். இரண்டாம் முறை தீயும் வைத்தனர். உயிர் தப்பிய அம்மையார் மனம் கசந்தாரில்லை. அல்லாஹ் காத்ததற்கு நன்றியாக அவ்விடத்திலேயே பள்ளிவாசல் எழுப்பினார். அது 1845-46 ஆம் ஆண்டுகளில். ஏழைகளுக்கு வீடுகளும் கட்டித் தந்தார்.

"இழந்தவன் முதலில் தன் முதலைக் காக்க வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். கடனைத் தீர்ப்பதும் மனைவி மக்களைப் பேணுவதும் கடமைகளே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: திருடன் கொண்டுபோனதும் போயிற்று, தீ தின்றதும் போயிற்று. அம்மையார் கொடுத்தது மட்டுமே இன்றும் தொழுகையாளர்களால் நிறைகிறது.

அவர் 98 வயது வரை வாழ்ந்ததாகச் சொல்வர். மகளும் மருமகனும் அவர் அருகிலேயே அடக்கமாகியுள்ளனர். நம் குடும்பங்களிலும் கொடுத்துச் சிவந்த கையுடைய உம்மாமாரும் பாட்டிமாரும் வாழ்ந்து மறைந்திருக்கின்றனர். அவர்களுக்காக ஆண்டுக்கொருமுறை பாத்திஹா ஓதுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர்கள் யாருக்கு அரிசி அளந்தார்களோ, அந்த வீட்டுக்கு இன்று அளப்பவர் யார்? வியாபாரம் மந்தமான மாதத்திலும் அந்தப் படி குறையாதிருப்பதே அவர்களை நினைப்பதாகும். வல்ல நாயன் அத்தகைய மனத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.